அச்சுப்பிழை காட்டிக்கொடுத்தது

கொழிஞ்சாம்பாறையில் பெரும்பாலான வீட்டுச் சுவர்களில் இரண்டு காலண்டர் தொங்கும். ஒன்று சிவகாசியில் அச்சாகி, பொள்ளாச்சி நகைக்கடையோ பாத்திரக்கடையோ தன் பெயரைப் போட்டுக் கொடுக்கும் தமிழ்த் தினசரிக் காலண்டர். மற்றது மலையாள மாதக் காலண்டர். கல்யாணத்துக்கும் காதுகுத்துக்கும் தமிழ்த் தாளைப் பார்ப்போம். பகவதி கோயில் உற்சவத்துக்கும் விஷுவுக்கும் மலையாளத்தைப் பார்ப்போம். பாலக்காடு மாவட்டத்தின் இந்தக் கிழக்கு மூலையில், வேலந்தாவளம் முதல் கோபாலபுரம் வரை, தமிழ் பேசும் வீடுகளில் இது பல காலப் பழக்கம்.

நான் பேருந்து நிலையத்துக்கு அருகில் டி.டி.பி. கடை வைத்திருக்கிறேன். வருமானத்தில் பாதி கல்யாணப் பத்திரிகை. எங்கள் ஊர்ப் பத்திரிகையில் ஆங்கிலத் தேதிக்குக் கீழே தமிழ்த் தேதியும் மலையாளக் கணக்கான கொல்லம் ஆண்டுத் தேதியும் இருக்க வேண்டும். 2023 ஏப்ரல் 27 கல்யாணம் ஒன்றுக்கு 'சோபகிருது சித்திரை 14, கொல்லம் 1198 மேடம் 14' என்று போட்டு 500 பத்திரிகை அடித்துக் கொடுத்துவிட்டேன். மாப்பிள்ளையின் தாய்மாமன் பக்கத்துச் சித்தூரிலிருந்து பத்திரிகைக் கட்டைத் தூக்கிக்கொண்டு வந்தார். "மேடம் 13 தம்பி. உன் கடையில் காலண்டர் இல்லையா?" என்றார். காலண்டர் இருந்தது. சித்திரையும் மேடமும் ஒரே மாதம்தானே என்ற நினைப்பில் நான்தான் பார்க்கவில்லை.

ஒரே மாதம்தான், தொடங்கும் நாள்தான் சில வருடம் மாறும். சூரியன் அடுத்த ராசிக்குள் நுழையும் நேரம் அன்றைய சூரிய மறைவுக்கு முன்னால் இருந்தால் தமிழில் அன்றே மாதப் பிறப்பு. மலையாளக் கணக்கில் பகல் பொழுதின் ஐந்தில் மூன்று பங்கு முடிவதற்குள் நுழைந்திருக்க வேண்டும். தாண்டினால் மறுநாள்தான் ஒன்றாம் தேதி. அந்த வருடம் சூரியன் மேஷத்தில் நுழைந்தது ஏப்ரல் 14 பிற்பகல். ஆகவே தமிழனுக்கு 14 புத்தாண்டு, மலையாளிக்கு 15 மேடம் ஒன்று. 500 பத்திரிகையும் என் செலவில் மறுபடியும் அச்சானது.

அந்த நஷ்டத்தில் பிறந்ததுதான் எங்கள் மென்பொருள். அக்காள் மகன் கோவையில் பொறியியல் படிக்கிறான். அவன் நிரல் எழுதினான். எது தேவை என்று நான் சொன்னேன். ஆங்கிலத் தேதியைக் கொடுத்தால் தமிழ்த் தேதி, கொல்லம் தேதி, கிழமை, திதி, நட்சத்திரம், நல்ல நேரம் எல்லாம் காட்டும். ஜி.பி.எல். மூன்றாம் பதிப்பு உரிமத்தில் இணையத்தில் போட்டோம். எவரும் எடுக்கலாம், திருத்தலாம், விற்கலாம். திருத்தியதைப் பிறருக்குக் கொடுத்தால் அதன் மூலநிரலையும் அதே உரிமத்தில் கொடுக்க வேண்டும். உரிமக் கோப்பை அழகாகச் சேர்த்துவிட்டோம், எங்கள் பங்கு நேர்மையாக முடிந்தது என்று நினைத்தோம்.

அந்த உரிமம் நாங்கள் எழுதிய நிரலுக்கு மட்டும்தான் பேச முடியும் என்பது எங்களுக்கு உறைக்கவில்லை. நிரலுக்குப் பக்கத்தில் ஒரு பெரிய அட்டவணைக் கோப்பு இருந்தது. பையன் இரண்டு வருடத் திதி நேரங்களை ஒரு தினசரிக் காலண்டரிலிருந்து ராத்திரி பகலாக உட்கார்ந்து தட்டச்சு செய்திருந்தான். கை ஓடிய வேகத்தில் ராசிபலனையும் சேர்த்துத் தட்டியிருக்கிறான். தாளின் அடியில் பொடி எழுத்தில் 'மேஷம் வரவு, ரிஷபம் அலைச்சல், மிதுனம் நட்பு' என்று வருமே, அது.

சில மாதம் கழித்து அந்தக் காலண்டர் பதிப்பகத்தின் வக்கீலிடமிருந்து பதிவுத் தபால் வந்தது.

எனக்கு முதலில் வந்தது கோபம். சதுர்த்தி எத்தனை மணி வரை என்பது இவர்கள் அப்பன் வீட்டுச் சொத்தா? சூரியனிலிருந்து சந்திரன் 12 பாகை விலகினால் ஒரு திதி. வானத்தில் நடப்பதை எழுதி வைத்ததற்கு உரிமை கேட்கிறார்களே என்று கடைக்கு வந்தவர்களிடமெல்லாம் புலம்பினேன். பாலக்காடு நீதிமன்றத்தில் வழக்காடும் ஒரு வக்கீல் அக்கா, தன் தங்கையின் பத்திரிகைக்காக வந்தவர், தபாலை வாங்கிப் படித்துவிட்டு, "நீங்கள் சொல்வது பாதி சரி" என்றார்.

அவர் சொன்னதிலிருந்து நான் புரிந்துகொண்டதை எழுதுகிறேன். நான் வக்கீல் இல்லை, நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் 1957இல் 'இலக்கியப் படைப்பு' என்ற சொல்லுக்குள் கணினி நிரல், அட்டவணை, தொகுப்பு, கணினித் தரவுத்தளம் எல்லாம் அடங்கும். ரயில் கால அட்டவணையும் இலக்கியம் என்றால் நம் கவிஞர்கள் வருத்தப்படக்கூடும், ஆனால் சட்டம் அப்படித்தான். ஆகவே 'தரவுக்குப் பதிப்புரிமையே கிடையாது' என்று கண்ணை மூடிச் சொல்ல முடியாது. அதேசமயம் தனித்தனித் தகவல் எவருக்கும் சொந்தமில்லை. எதைத் தேர்ந்தார்கள், எப்படி அடுக்கினார்கள் என்பதில் மூளை வேலை இருந்தால் அந்தத் தேர்வுக்கும் அடுக்குக்கும்தான் உரிமை.

'நான் வியர்வை சிந்தித் திரட்டினேன்' என்பது மட்டும் போதுமா? அமெரிக்காவில் 1991இல் ஒரு தொலைபேசிப் புத்தக வழக்கில் உச்ச நீதிமன்றம் போதாது என்றது. கான்சாஸ் மாநிலத்துச் சின்னத் தொலைபேசி நிறுவனமான ரூரல், தன் சந்தாதாரர் பட்டியலை ஃபைஸ்ட் என்ற பதிப்பகம் எடுத்துக்கொண்டது என்று வழக்குத் தொடுத்தது. பெயரை அகரவரிசையில் அடுக்குவதில் படைப்பு ஒன்றுமில்லை என்று தீர்ப்பு. நம் உச்ச நீதிமன்றமும் 2007 டிசம்பரில், நீதிமன்றத் தீர்ப்புகளைப் பதிப்பிக்கும் ஈஸ்டர்ன் புக் கம்பெனிக்கும் மோடக்குக்கும் இடையிலான வழக்கில் உழைப்பு ஒன்றே போதாது, குறைந்தபட்சத் திறமையும் தீர்மானமும் வேண்டும் என்றது. தீர்ப்பு வாசகம் பொதுவானது. ஆனால் அதைப் பத்தி பிரித்து எண் கொடுத்ததிலும், எந்த நீதிபதி உடன்பட்டார், மாறுபட்டார் என்று குறித்ததிலும் பதிப்பகத்துக்கு உரிமை உண்டு என்று பிரித்துக் காட்டியது. ஐரோப்பாவில் கணக்கே வேறு. அங்கே 1996இல் வந்த உத்தரவின்படி தரவுத்தளம் திரட்டுவதில் கணிசமாக முதலீடு செய்தவருக்கு 15 ஆண்டுத் தனி உரிமை உண்டு, படைப்பு இல்லாவிட்டாலும். மென்பொருளை இணையத்தில் போடுகிறவனுக்கு எல்லா ஊர்ச் சட்டமும் கொஞ்சம் கொஞ்சம் தேவை.

பிறகு அக்கா சிரித்துக்கொண்டே கேட்டார்: "ராசிபலனும் வானத்தில் நடப்பதா?"

அங்கேதான் மாட்டிக்கொண்டோம். 'ரிஷபம் அலைச்சல்' என்பது யாரோ ஒருவர் நாற்காலியில் உட்கார்ந்து யோசித்து எழுதியது. தனிச்சொல் 'அலைச்சல்' எவருக்கும் சொந்தமில்லை. ஆனால் வருடத்துக்கு 365 நாள், 12 ராசி, ஆக 4,380 சொற்களை இந்த நாளுக்கு இது என்று பொறுக்கி வைத்திருக்கிறார்கள். கணக்குப் போட்டு அதே விடை வந்தது என்று நாம் சொல்லவே முடியாது. ஒரே சூரியனை இரண்டு பேர் பார்க்கலாம். ஒரே நாளில் ரிஷபத்துக்கு 'அலைச்சல்' என்று வருடம் முழுக்க இரண்டு பேருக்குத் தோன்றாது.

கோவைக்குப் போய் நேரில் பேசிவிடலாம் என்று அக்காதான் யோசனை சொன்னார். பதிப்பகத்தில் எங்களை எதிர்கொண்டவர் அறுபது வயதுப் பெரியவர், மெய்ப்புப் பார்ப்பவர். நான் கத்தத் தயாராகப் போனேன். அவர் காபி வரவழைத்தார். தன் காலண்டரின் ஜூன் மாதத் தாள் ஒன்றைக் கிழித்து மேசைமேல் வைத்தார். பக்கத்தில் எங்கள் கோப்பை அச்செடுத்து, அதே தேதியைச் சிவப்பு மையால் வட்டமிட்டிருந்தார். தாளில் 'பகல் 8.40 வரை' என்று இருந்தது. எங்கள் கோப்பில் 08:40.

"இது இரவு 8.40 என்று இருந்திருக்க வேண்டும் தம்பி. நான்தான் மெய்ப்பில் கோட்டைவிட்டேன். முதலாளியிடம் திட்டும் வாங்கினேன். நீங்களாகக் கணித்திருந்தால் என் தப்பு உங்களிடம் எப்படி வந்தது?"

பையன் தலையைக் குனிந்துகொண்டான். எனக்கு ஃபைஸ்ட் வழக்கில் கேட்ட இன்னொரு செய்தி நினைவுக்கு வந்தது. ரூரல் நிறுவனம் பட்டியலில் வேண்டுமென்றே சில பொய்ப் பெயர்களைச் சேர்த்திருந்தது. அவற்றில் 4 பெயர் ஃபைஸ்ட் புத்தகத்திலும் வந்து நகலைக் காட்டிக்கொடுத்தன. வரைபடக்காரர்கள் இல்லாத தெருவை வரைந்து வைப்பதும் இதற்குத்தான். இங்கே பொறி வைக்கவில்லை, தானாக விழுந்த பிழை. வேலை ஒன்றுதான்.

சட்டப்படி திதி நேரங்களுக்கு அவர்களால் உரிமை கொண்டாட முடிந்திருக்குமா என்பது தனி வாதம். அந்த வாதத்துக்கு வக்கீல் வைக்க எங்களிடம் பணமும் இல்லை, ராசிபலனை வைத்துக்கொண்டு வாதாட முகமும் இல்லை. கோப்பை மொத்தமாக எடுத்துவிடுகிறோம் என்று எழுதிக் கொடுத்தோம். அவர்களும் அத்தோடு விட்டார்கள்.

எடுப்பதிலும் ஒரு சிக்கல். கோப்பை அழித்துவிட்டுப் புதிய பதிப்பு வெளியிட்டால் முடிந்தது என்று நினைத்தோம். நிரலை வைத்திருக்கும் கிட் (Git) களஞ்சியத்தில் அழித்தது அழியாது. பழைய பதிப்புகளின் வரலாற்றில் அப்படியே உட்கார்ந்திருக்கும். வரலாற்றையே திருப்பி எழுத வேண்டியிருந்தது. அதற்குள் நான்கைந்து பேர் நகலெடுத்திருந்தார்கள். ஒவ்வொருவருக்கும் எழுதி நீக்கச் சொன்னோம். உரிமை தெளிவில்லாத கோப்பு ஒரு முறை உள்ளே வந்துவிட்டால் வெளியே எடுப்பது மாவில் கலந்த உப்பை எடுப்பது மாதிரி. சேர்ப்பதற்கு முன்னால் பத்து நிமிடம் விசாரித்திருந்தால் இந்த இரண்டு வாரம் மிச்சம்.

பிறகு கணக்குப் போட ஆரம்பித்தோம். போடப் போட ஒன்று தெரிந்தது: காப்பியடித்தது உரிமைத் தப்பு மட்டுமில்லை, கணக்கும் தப்பு. நம் கடிகாரம் ஓடுவது கிழக்குத் தீர்க்கரேகை 82.5 பாகையை வைத்து. ஒரு பாகைக்கு 4 நிமிடம். சென்னை 80.3 பாகை அருகில், கொழிஞ்சாம்பாறை 76.8 அருகில். ஆகவே சென்னையை வைத்துக் கணித்த சூரிய உதயம் எங்கள் ஊருக்குத் தீர்க்கரேகைக் கணக்கில் மட்டும் ஏறத்தாழ 14 நிமிடம் முந்தி நிற்கும். திதி முடியும் நேரம் எல்லா ஊருக்கும் ஒன்று. உதயத்தை வைத்துப் பார்க்கும் எதுவும் ஒன்றில்லை. மாதப் பிறப்பு விதி சூரிய மறைவையும் பகல் அளவையும் வைத்தே இருக்கிறது என்பதை நினைத்துப் பாருங்கள். சொந்த ஊருக்குக் கணித்தால் தவிர எங்கள் பத்திரிகைக்குப் பயனில்லை.

கணிக்கவும் வழி இரண்டு. சுவிஸ் எஃபிமெரிஸ் என்று பேர்பெற்ற நிரல் தொகுப்பு ஒன்று இருக்கிறது. நாசாவின் ஜெட் உந்துவிசை ஆய்வகத்துக் கிரக நிலைக் கணக்கை ஆதாரமாகக் கொண்டது. ஜி.பி.எல். குடும்பத்தைச் சேர்ந்த ஏ.ஜி.பி.எல். உரிமத்தில் இலவசமாக எடுக்கலாம், அல்லது காசு கொடுத்து வேறு உரிமம் வாங்கலாம். ஜி.பி.எல். மூன்றாம் பதிப்போடு ஏ.ஜி.பி.எல். மூன்றாம் பதிப்பு சேரும், அதில் தடையில்லை. ஆனால் பத்திரிகைத் தேதிக்கு அத்தனை துல்லியம் வேண்டாம் என்பதால் சூரிய சந்திர நிலையை நாங்களே எழுதினோம். இதில் பையன் ஒரு பாடத்தை நன்றாகப் பிடித்துக்கொண்டான். புத்தகத்தில் உள்ள சூத்திரம் எவருக்கும் சொந்தமில்லை. அதன் பக்கத்தில் ஆசிரியர் எழுதி வைத்த நிரல் வரிகள் ஆசிரியருக்குச் சொந்தம். சூத்திரத்தைப் படித்தான், புத்தகத்தை மூடிவிட்டு எழுதினான்.

விடை சரியா என்று பார்க்க கொல்கத்தாவிலுள்ள நிலைசார் வானியல் மையம் வெளியிடும் ராஷ்ட்ரிய பஞ்சாங்கத்தை எடுத்தோம். மேக்நாத் சாகா தலைமையிலான நாட்காட்டிச் சீர்திருத்தக் குழுவின் பரிந்துரையால் 1957இலிருந்து வருவது அது. அரசு வெளியீடு என்றால் எவரும் எடுக்கலாம் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை, நம் நாட்டில் அரசுப் படைப்புக்கும் 60 ஆண்டு பதிப்புரிமை உண்டு. அரசிதழில் வந்தது, நீதிமன்றத் தீர்ப்பு என்று சிலவற்றுக்கு மட்டும் சட்டத்தின் 52ஆம் பிரிவு வழிவிடுகிறது. அரசு திறந்த தரவாகப் போடுகிறவற்றுக்கு 2017இல் தனி உரிமமே வந்திருக்கிறது. அதில் மூலத்தைக் குறிப்பிட்டால் போதும், வணிகத்துக்கும் பயன்படுத்தலாம். அது எந்தக் கோப்பின்மேல் எழுதியிருக்கிறது என்று பார்த்து எடுக்க வேண்டும். நாங்கள் பஞ்சாங்கத்தைப் பார்த்து எழுதவில்லை, எழுதியதை அதோடு ஒப்பிட்டோம். ஒப்பிடுவதற்கு எவரிடமும் அனுமதி வேண்டாம்.

ஊர்ப் பெயர்களும் அட்ச, தீர்க்க ரேகைகளும் வேண்டியிருந்தன. விக்கித்தரவு சி.சி. ஜீரோ என்ற உரிமத்தில் இருக்கிறது; எடுக்கலாம், பெயர் போடவும் கட்டாயமில்லை. ஜியோநேம்ஸ் எடுத்தால் பெயர் போட வேண்டும். ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் 2012இல் ஓ.டி.பி.எல். என்ற தரவுத்தள உரிமத்துக்கு மாறியது: பங்களிப்பாளர்களைக் குறிப்பிட வேண்டும், அதை விரித்துத் தரவுத்தளமாக வெளியிட்டால் அதையும் அதே உரிமத்தில் தர வேண்டும். நிரல் உங்கள் விருப்ப உரிமத்திலேயே இருக்கலாம். மூன்றையும் ஒரே கோப்பில் கொட்டிக் கலக்காதீர்கள். எந்த வரி எங்கிருந்து வந்தது என்பது மறந்தால் எல்லாமே கடுமையான உரிமத்தின்கீழ் வந்துவிடும். ஒழலப்பதி, எருத்தேம்பதி, வடகரப்பதி என்று சுற்றுவட்டாரத்து ஊர்களுக்குப் பையன் வண்டியில் போய்க் கைப்பேசியை நாற்சந்தியில் பிடித்து அளந்துகொண்டு வந்தான். அது எங்கள் சொந்தச் சரக்கு, சி.சி. ஜீரோவில் விட்டுவிட்டோம். நட்சத்திரங்களுக்கு அழகான படத்தொகுப்பு ஒன்று கிடைத்தது, 'வணிகப் பயன்பாடு கூடாது' என்ற நிபந்தனையோடு. அதைச் சேர்த்தால் என் கடையிலேயே நான் இந்த மென்பொருளைப் போட முடியாது. விட்டுவிட்டேன்.

நாட்டுக்கல்லிலிருந்து வரும் ஜோசியர் ஒருவர் மென்பொருளைப் பார்த்துவிட்டு, 1944இல் பிறந்த தன் அண்ணனின் ஜாதகத்தைக் கணித்துப் பார்க்கச் சொன்னார். பார்த்தோம், லக்னம் ஒத்து வரவில்லை. பையன் திணறினான். பெரியவர் அலட்டிக்கொள்ளாமல், "யுத்த காலத்து மணி, ஒரு மணி நேரம் கழி" என்றார். 1942 செப்டம்பரிலிருந்து 1945 அக்டோபர் நடுப்பகுதி வரை நாடு முழுவதும் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளி வைத்திருந்தார்கள். இதை எங்கே தேடுவது என்று பார்த்தால், நாங்கள் தேடவே தேவையில்லை. லினக்ஸ் கணினிக்குள்ளும் கைப்பேசிக்குள்ளும் ஏற்கெனவே இருக்கிறது. நேர மண்டலத் தரவுத்தளம் என்று பெயர். 'ஏசியா/கொல்கத்தா' என்ற பகுதியில் யுத்தக் கடிகாரமும் இருக்கிறது, அதற்கு முந்தைய மதராஸ் நேரமும் இருக்கிறது: கிரீன்விச்சுக்கு 5 மணி 21 நிமிடம் 10 விநாடி முன்னால், 1906 தொடங்கும் வரை. பெரும்பகுதியும் பொதுக்களத்தில் விடப்பட்ட தரவு.

இந்தத் தரவுத்தளத்தின் கதை எங்கள் கதைக்கு ஒன்றுவிட்ட அண்ணன். பல வருடம் ஆர்தர் டேவிட் ஓல்சனும் பால் எக்கர்ட்டும் சம்பளமில்லாமல் பராமரித்து வந்தார்கள். 2011 செப்டம்பர் 30 அன்று ஆஸ்ட்ரோலேப் என்ற அமெரிக்க நிறுவனம் இருவர்மீதும் பாஸ்டனில் வழக்குப் போட்டது. என்ன நிறுவனம் என்கிறீர்கள்? ஜோதிட மென்பொருள் விற்கும் நிறுவனம்! அமெரிக்க ஊர்களின் பழைய நேர மாற்றங்களைத் தொகுத்த அட்லஸ் புத்தகம் ஒன்றின் உரிமை தங்களிடம் இருக்கிறது, அதிலிருந்து எடுத்தார்கள் என்பது புகார். ஓல்சன் சில நாளில் தளத்தை மூடினார். உலகத்துக் கணினிகள் கடிகாரத்தைத் திருத்திக்கொள்ளும் இடம் பூட்டிக் கிடந்தது. அந்த அக்டோபரிலேயே, இணையப் பெயர்களை நிர்வகிக்கும் ஐகான் அமைப்பு பொறுப்பை ஏற்றது. இணைய உரிமைகளுக்காகப் போராடும் மின்னணு எல்லை அறக்கட்டளை (EFF) இருவருக்காகவும் வாதாட வந்தது. 2012 பிப்ரவரியில் நிறுவனம் வழக்கைத் திரும்பப் பெற்றது. வரலாற்றுத் தகவல் எவருடைய சொத்துமில்லை என்று ஒப்புக்கொண்டே பெற்றது.

அவர்களைக் காப்பாற்றியது சட்டம் மட்டுமில்லை என்று எனக்குத் தோன்றுகிறது. அந்தக் கோப்புகளைத் திறந்து பாருங்கள். பாதி எண்கள், பாதி குறிப்புகள். இந்த மாற்றத்தை இன்னார் இந்தத் தேதியில் சொன்னார், இந்தப் புத்தகம் இப்படிச் சொல்கிறது, அந்தச் செய்தித்தாள் மாறுபடுகிறது என்று வரிக்கு வரி எழுதியிருக்கிறார்கள். வழக்குக்குக் காரணமான அந்தப் புத்தகத்தையும் மறைக்காமல் குறித்திருந்தார்கள். எங்களிடம் அப்படி ஒரு வரிகூட இருக்கவில்லை. ஜூன் மாதத்து அச்சுப்பிழைதான் எங்கள் மூலக் குறிப்பு.

இப்போது எங்கள் களஞ்சியத்தில் 'மூலம்' என்று ஒரு கோப்பு இருக்கிறது. ஒவ்வொரு தரவு வரிக்கும் எங்கிருந்து வந்தது, யார் சேர்த்தது, எந்த நாள், எந்த உரிமம் என்று நான்கு கட்டம். கட்டற்ற செயலிகளை மட்டும் வைக்கும் எஃப்-டிராய்டில் சேர்க்க விண்ணப்பிக்கும் முன் அந்தக் கோப்பை முழுக்கச் சரிபார்த்துவிட வேண்டும் என்று பையன் பிடிவாதமாக இருக்கிறான். தரவும் படமும் கட்டற்றதாக இல்லாவிட்டால் அங்கே செயலியின்மேல் குறை முத்திரை விழும். நானும் தினம் இரவு கடை சாத்தியபின் பத்து வரி பார்க்கிறேன்.

பார்த்ததில் ஆறு ஊர்களுக்கு மூலக் கட்டம் காலி. எண் சரியாகத்தான் இருக்கிறது. யார் சேர்த்தது என்று இருவருக்கும் நினைவில்லை. "சரியாக இருக்கிறதே மாமா, விட்டுவிடலாமா?" என்று கேட்டான். ஞாயிற்றுக்கிழமை வண்டிக்கு பெட்ரோல் போட்டுக் கொடுத்தேன். மீனாட்சிபுரத்திலிருந்து ஆரம்பிக்கிறான்.